கத்தியைக் கையில் கொடுக்கக்கூடாது

என் வீட்டுக்காரர் என்னைத் திட்டி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இதைச் சொன்னால் பெண்கள் சிரிக்கிறார்கள். கோயிலில் ஒருத்தி, "குடுத்து வச்சவம்மா நீ" என்றாள். அவள் வாயில் ஒரு பிடி மண்ணை அள்ளிப் போடலாமா என்று இருந்தது எனக்கு. அவர் திட்டவேண்டும். பழையபடி கண்ணை உருட்டி, மேசையைத் தட்டி, "உனக்கு அறிவிருக்காடி?" என்று கேட்கவேண்டும். அந்த ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து எப்படியாவது பிடுங்கிவிடலாம் என்றுதான் இத்தனை நாளாக அவருடைய கத்தியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் மாஸ்டராக இருந்தவர். மாஸ்டர் என்றால் தலைமைச் சமையல்காரர், பள்ளிக்கூடத்து வாத்தியார் இல்லை. கல்யாணமான புதிதில் என் பக்கத்து உறவுக்காரர் ஒருவர் விவரம் தெரியாமல் பிள்ளைக்கு டியூசன் கேட்டு வந்துவிட்டார், அது வேறு கதை. எங்கள் வீடு கிள்ளானில், லிப்ட் பாதி நாள் வேலை செய்யாத ஒரு ப்ளாட்டில். விடிவதற்கு முன் எழுந்து கொமியூட்டர் ரயில் பிடித்துப் போவார். சாயங்காலம் வெங்காய வாடையோடு திரும்புவார். வந்ததும் சண்டை. ரயில் தாமதமானால் சண்டை, ரசத்தில் புளி கூடினால் சண்டை, நான் பேசினால் சண்டை, பேசாமல் இருந்தால் அதற்கும் ஒரு சண்டை. நானும் வாயை மூடிக்கொண்டிருக்கிற ஆள் இல்லை. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பேக்டரியில் சூப்பர்வைசராக இருந்தவள், மெசின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகியவள்.

அந்தக் கடையில் அவருக்கென்று ஒரு கத்தி இருந்தது. கிள்ளானில் ஒரு சீனர் இரும்புக் கடையில் வாங்கியது. நல்ல கனம், மரப்பிடி, அலகு முழுக்கப் பச்சை இரும்பு. ஸ்டெயின்லெஸ் கத்திகளை அவர் மதிக்கவே மாட்டார். "அது கத்தி இல்ல, கரண்டி" என்பார். கடை அடுப்படியில் ஓர் ஆணி அடித்து, மற்றவர் கைக்கு எட்டாத உயரத்தில் அதை மாட்டி வைத்திருந்தார். லீவு நாளுக்கு முந்தின சாயங்காலம் மட்டும் அது செய்தித்தாளில் சுற்றி எங்கள் வீட்டுக்கு வரும். மறுநாள் காலையில் பின்பக்கப் பால்கனியில் முக்காலி போட்டு உட்கார்ந்து சாணைக்கல்லில் தீட்டுவார். அப்போது யாரும் பக்கத்தில் போகக்கூடாது. என் மகள் சின்னவளாக இருக்கும்போது ஒருமுறை கிட்டே போய், அவர் போட்ட சத்தத்தில் ஓடிவந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அப்பா கத்துறதுனாலதான் அதுக்குப் பேரு கத்தியாம்மா?"

அந்தக் கத்தியால் எங்களுக்குள் நடந்த ஒரு பெரிய சண்டையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். அது ஒரு தீபாவளி நேரம். வீட்டில் உள்ள பாத்திரம் எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கை அந்த வேகத்தில் இருந்தது. செய்தித்தாளுக்குள் கத்தி கறுப்பாகக் கிடந்தது. சே, ஒரு மாஸ்டருடைய கத்தி இப்படியா இருக்கும் என்று எடுத்துப் புளியும் கம்பி நாரும் போட்டுத் தேய்தேயென்று தேய்த்து வெள்ளையாக்கிவிட்டேன். குளித்துவிட்டு வந்த மனிதர் பார்த்தார். அவர் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுச் சீனக் கிழவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"அது கறை இல்லடி! வாழக்கா, மாங்கா, வெங்காயம்னு எத்தன வருசமா வெட்டி வெட்டி ஏறுன கறுப்புடி அது. அதுதான் துரு புடிக்காம காக்குது. அது அதோட தோலுடி! தோல உரிச்சிட்டியேடி!"

"எனக்கு எப்படித் தெரியும்? அழுக்கா இருந்துச்சு, தேச்சேன். உங்க கத்திக்கு இருக்கிற மரியாத பொண்டாட்டிக்கு இருக்கா இந்த வீட்டுல?"

"இல்ல! போதுமா?"

"போதும்! இந்தாங்க, நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க!" என்று கத்தியை நீட்டினேன். அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"கீழ வை. கீழ வைடி! கத்திய கையில குடுக்கக்கூடாது. சண்ட வரும்."

இரண்டு வீடு தள்ளிக் கேட்கிற அளவுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது அந்த மனிதர் இதைச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்கு வேறு திட்டினார். ஆனால் கத்தியைக் கீழேதான் வைத்தேன், அவர்தான் எடுத்துக்கொண்டார். எங்கள் ஆட்களில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். கத்தி, கத்தரிக்கோல், அரிவாள் எதுவானாலும் ஒருவர் வைக்கவேண்டும், மற்றவர் எடுக்கவேண்டும். மீறினால் இரண்டு பேருக்கும் பகை என்பார்கள். அன்றிலிருந்து நான் அந்தக் கத்தியைத் தொடவில்லை. அதன் கறுப்பும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது.

பிறகு ஒரு நாள் காலை, கடையில் பொரியலுக்குக் கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். ஸ்ட்ரோக். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நான் போய் நின்றபோது வாய் கோணி, கண் மட்டும் அங்கும் இங்கும் அலைந்துகொண்டிருந்தது. நான் அழவில்லை. பிழைத்து வந்தால் போதும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிழைத்து வந்தார். பேச்சு சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. கால் இழுத்து இழுத்து நடக்க வந்தது. ஞாபகம் எல்லாம் இருந்தது, மகளுடைய பிறந்தநாள்கூடச் சரியாகச் சொன்னார். கோபம் மட்டும் வரவில்லை.

முதலில் எனக்குப் பிடிபடவில்லை. உடம்பு முடியாதவர், சோர்ந்து கிடக்கிறார் என்றுதான் இருந்தேன். சோறு கொடுத்தால் "சரி". குளிக்க வாங்க என்றால் "சரி". டிவியில் அவர் பார்க்கிற செய்தியை நிறுத்திவிட்டு நான் நாடகம் போட்டால் அதற்கும் "சரி". ஒரு நாள் வேண்டுமென்றே சாம்பாரில் உப்புப் போடவில்லை. கடை சாம்பாரையே ஒரு வாய் வைத்துவிட்டு வாளியோடு கொட்டச் சொன்ன மனிதர், உப்பில்லாத சாம்பாரைத் தட்டு காலியாகும்வரை சாப்பிட்டார். "எப்படி இருக்கு?" என்றேன். "நல்லாருக்கு" என்றார். அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது.

மருத்துவமனையில் கேட்டேன். டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். சில பேருக்கு இப்படி ஆகும் ஆன்டி, கோபக்காரர் சாதுவாகிவிடுவார், சாதுவாக இருந்தவர் கோபக்காரர் ஆகிவிடுவார் என்றாள். "திரும்பி வருமா?" என்று கேட்டேன். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு, "அங்கிள் அமைதியா இருக்கார், அதுவும் நல்லதுதானே ஆன்டி, பாகூஸ்" என்றாள். நல்லதாம், பாகூஸாம். முப்பது வருடத்துக்கு மேல் கூட இருந்த ஆளைக் காணோம் என்று நான் கேட்கிறேன்.

அவர் வீட்டுக்கு வந்து சில மாதம் கழித்துக் கடையிலிருந்து ஓர் ஆள் வந்தார். அங்கே தேத்தண்ணி, காப்பி கலக்குகிறவர், அவருக்கும் வயதாகிவிட்டது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"அக்கா, மாஸ்டரோட கத்தி. புது மாஸ்டர் வந்துட்டாரு லா. அவரு சொந்தமா கத்தி வச்சிருக்காரு. அந்த ஆணி அவருக்கு வேணுமாம்."

'எப்ப வேணா வாங்க மாஸ்டர், உங்க எடம் அப்படியே இருக்கும்' என்று ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்று சொல்லிவிட்டுப் போன முதலாளியை நினைத்துக்கொண்டேன். பையைப் பிரித்தால் கத்தி அலங்கோலமாக இருந்தது. யார் யாரோ எடுத்து எலுமிச்சம்பழம் அறுத்துவிட்டு, கழுவாமல் சிங்கில் போட்டிருக்கிறார்கள். அலகு நெடுக ஆரஞ்சு நிறத்தில் துரு. பிடிக்குப் பக்கத்தில் எலுமிச்சைச் சாறு வழிந்த இடமெல்லாம் சாம்பல் கோடு.

"தொடச்சி வைக்க ஒருத்தனுக்கும் கை இல்லையா அங்க?" என்று அந்தப் பாவப்பட்ட மனிதர்மேல் பாய்ந்தேன்.

"நான் தண்ணி கலக்குறவன்கா" என்றார். அவருக்கு நான் தே கலக்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு வைத்துவிட்டுப் போனார்.

சொன்னால் வெட்கம்தான், அந்தத் துருவைப் பார்த்ததும் உள்ளுக்குள் எனக்கு ஒரு சந்தோசம். இதைப் பார்த்தால் மனிதருக்குக் கொதிக்காமல் இருக்குமா? செத்த பிணமும் எழுந்து உட்கார்ந்துவிடுமே. கத்தியை அவர் முன்னால் முக்காலியில் வைத்து, "பாருங்க, உங்க கடைக்காரனுங்க பண்ணுன வேலைய" என்றேன். குனிந்து பார்த்தார்.

"துரு" என்றார். பிறகு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றைக்கே தேய்க்க உட்கார்ந்துவிட்டேன். மகள் பெட்டாலிங் ஜெயாவில் வீடெடுத்து இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை வருவாள். போனில் அவளிடம் கேட்டதற்கு, எங்கேயோ பார்த்துவிட்டு, "உருளைக்கிழங்க பாதியா வெட்டி சோடா மாவுல தொட்டுத் தேய்க்கணுமாம்மா" என்றாள். கூடவே, "தூக்கிப் போடும்மா அத. நான் ஸ்டெயின்லெஸ் வாங்கித் தரேன்" என்றும் சொன்னாள். உருளைக்கிழங்குக்கு மேல்துரு வந்தது, அடித்துரு அசையவில்லை. கீழ் வீட்டு மலாய்க்கார அம்மாதான், மாக்சிக் என்று கூப்பிடுவேன், நான் வாசலில் உட்கார்ந்து கம்பி நாரோடு மல்லுக்கட்டுவதை மேல்மாடிக்குப் படியேறும்போது பார்த்துவிட்டு, பிளிம்பிங் காயைக் கொண்டுவந்து கொடுத்தாள். கார் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் அந்த மரம் இருக்கிறது. விரல் நீளத்தில் பச்சையாகத் தொங்கும் காய், மீன் குழம்புக்குப் போடுவார்கள், புளிப்பென்றால் அப்படி ஒரு புளிப்பு. அதை நசுக்கித் துரு மேல் தேய்த்துக் கொஞ்ச நேரம் விட்டால் பழுப்புத் தண்ணீராக வழிகிறது. உடனே கழுவி, துணியால் துடைத்து, கேஸ் அடுப்பில் ஒரு காட்டு காட்டி ஈரத்தைப் போக்கி, தேங்காய் எண்ணெய் தடவவேண்டும். தேய்க்கும்போது கத்தியின் முதுகுப் பக்கமிருந்து கூர் வாய்ப் பக்கமாகத்தான் தள்ளவேண்டும். இல்லாவிட்டால் விரல் போய்விடும். எனக்கு ஒருமுறை போகத்தான் பார்த்தது.

துரு போயிற்று. அதோடு அவர் சேர்த்து வைத்த கறுப்பும் போயிற்று. கத்தி வெள்ளை வெளேரென்று, அந்தத் தீபாவளியில் இருந்த மாதிரியே ஆகிவிட்டது. இந்தமுறை எனக்குத் தெரிந்துதான் செய்தேன். அலம்பித் துடைத்துக் கொண்டுபோய் அவர் முன்னால் முக்காலியில் வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். இப்போது வரும், தோல உரிச்சிட்டியேடி என்று வரும், அதற்கு என்ன பதில் சொல்லவேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

அவர் கத்தியை ரொம்ப நேரம் பார்த்தார்.

"பளபளன்னு இருக்கு" என்றார். "நல்லா தேச்சிருக்க."

அந்த உப்பில்லாத சாம்பாரை விட்டால், கல்யாணமான நாளிலிருந்து என் வேலை எதையும் அவர் நல்லா இருக்கிறது என்று சொன்னதில்லை. நான் குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதேன். தண்ணீர் வாளி நிறைந்து வெளியே ஓடியது.

கறுப்பு இல்லாத கத்திக்குக் கிள்ளான் ஈரக்காற்று ஆகாது. மழை பெய்தால் போதும், மறுநாள் அலகில் புள்ளி புள்ளியாகத் துரு எட்டிப் பார்க்கும். தேய்ப்பேன். மறுபடி வரும். இது ஒரு வேலையாகவே போயிற்று. அவருடைய பழைய கறுப்பைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று ஒரு வாரம் முழுக்க வாழைக்காயாக வாங்கி அந்தக் கத்தியிலேயே அரிந்தேன். வறுவல், பொரியல், கூட்டு, புளிக்குழம்பு. ஞாயிற்றுக்கிழமை வந்த மகள் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஐயோ அம்மா, மறுபடியும் வாழக்காயா? அப்பாவுக்கு வாயு புடிக்கப்போவுது" என்றாள். அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டார். கத்தியிலும் கறுப்பு ஏறத்தான் செய்தது. ஆனால் அவருடைய கறுப்பு நுனியிலிருந்து பிடிவரை ஒரே சீராக இருக்கும். என்னுடையது அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் என்று தேமல் விழுந்த மாதிரி இருந்தது. கோபத்தில் அதையும் தேய்த்து எடுத்துவிட்டேன்.

நடுவில் பிசியோவுக்கும் போய்வந்துகொண்டிருந்தோம். வலது கையில் ஒரு பஞ்சுப் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொல்வார்கள். பந்தை வைத்ததும் விரல்கள் தானாக மூடிக்கொள்ளும். அப்புறம் திறக்காது. அந்தப் பிசியோ பெண் விரல்களைத் தடவிக்கொடுத்துக்கொண்டே, "புக்கா, அங்கிள், புக்கா" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். திறங்க, திறங்க என்று அர்த்தம். அவர் நெற்றி வியர்க்கும். கடைசியில் அவளே விரல்களைப் பிரித்துப் பந்தை எடுத்துக்கொள்வாள். இறுகிய கை அப்படித்தான் ஆன்டி, பிடிக்கும், விடத்தான் வராது என்றாள். எங்கள் குடும்பத்துக்குச் சொன்ன மாதிரி இருந்தது.

அப்படியே ஆயுத பூசை வந்தது. வருடா வருடம் அது அவருக்குக் கடையில்தான். ஆட்டுக்கல், கரண்டி, அண்டா எல்லாவற்றுக்கும் மற்றவர்கள் பொட்டு வைப்பார்கள், தன் கத்திக்கு மட்டும் அவர்தான் வைப்பார். பூசையில் வைத்ததை அன்றைக்கு யாரும் தொடமாட்டார்கள். மறுநாள் காலை, எந்தக் கை அதை வைத்து வேலை செய்கிறதோ அந்தக் கைதான் முதலில் எடுக்கவேண்டும். அவர் எடுத்து, பொட்டை வழித்துத் துடைத்து, எண்ணெய் தடவி, ஓர் எலுமிச்சம்பழத்தை அறுத்துவிட்டுத்தான் அடுப்பையே பற்றவைப்பார். இதையெல்லாம் அவரே பெருமையாக வந்து சொல்வார், நான் பார்த்ததில்லை.

இந்தமுறை வீட்டிலேயே வைத்தேன். முதல் நாள் பூராவும் கத்தியைத் தேய்த்தேன். முகம் பார்க்கலாம், அப்படி இருந்தது. சாமி மேடையில் மஞ்சள் துணி விரித்து, மிக்சி, இஸ்திரிப்பெட்டி, என் தையல் மெசினின் கத்தரிக்கோல் எல்லாம் வைத்து, அவருடைய பஞ்சுப் பந்துக்குக்கூட ஒரு பொட்டு வைத்தேன். கத்தியை நடுவில் வைத்தேன். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, அலகின் நடுவில் பெரிதாக ஒரு பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமம். கற்பூரம் காட்டினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி இடது கையால் கும்பிட்டார். அந்தக் கத்தி அந்த இடத்தில் அழகாக இருந்தது. என் மனசில் ஒரு நம்பிக்கை கிளம்பியது, சனியன், சும்மா கிளம்பும் அது.

மறுநாள் சட்னிக்கு மிக்சியை எடுத்துவிட்டேன். கத்தரிக்கோலையும் எடுத்தேன். கத்தியை எடுக்கவில்லை.

"உங்க கத்தி. நீங்கதான் எடுக்கணும். உங்க கைதான் மொதல்ல படணும்" என்றேன்.

"சரி" என்றார். எழுந்திருக்கவில்லை.

மதியம் சொன்னேன். சாயங்காலம் சொன்னேன். மறுநாளும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் சரிதான். சாமி மேடை அவர் நாற்காலியிலிருந்து எட்டி நடந்தால் வந்துவிடும் தூரம்தான், கழிப்பறைக்கு அதைத் தாண்டித்தான் போகிறார். எனக்கும் வீம்பு ஏறிவிட்டது. எடுக்கிறவரைக்கும் அங்கேயே கிடக்கட்டும், நானா அவரா பார்த்துவிடலாம் என்று விட்டுவிட்டேன். ஒவ்வொரு நாள் காலையும் விளக்கேற்றும்போது அது என்னைப் பார்க்கும், நான் அதைப் பார்ப்பேன். சந்தனம் காய்ந்து வெடித்தது. வெளியே தினமும் மழை.

தீபாவளிக்கு மேடையைக் கழுவவேண்டி வந்தது. வேறு வழியில்லை. நானே எடுத்தேன். காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினால் பொக்கென்று பெயர்ந்து வந்தது. அடியில் அச்சு அசலாக இன்னொரு பொட்டு இருந்தது. சந்தனம் இருந்த வட்டம் முழுக்கக் கறுஞ்சிவப்பாக இரும்புக்குள் இறங்கியிருந்தது. ஈரச் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமத்தையும் போட்டு, மழைக்காலத்தில் அத்தனை நாள் வைத்தால் இரும்பு என்ன செய்யும்? அவராக இருந்தால் மறுநாளே வழித்துத் துடைத்திருப்பார். அவருக்காகத்தானே காத்திருந்தேன்.

பிளிம்பிங் காய் போட்டேன். உருளைக்கிழங்கு, சோடா மாவு, பல்பொடி, புளி, உப்புத்தாள், எல்லாம் போட்டேன். சுற்றியிருந்த இரும்பு வெளுத்ததே தவிர அந்த வட்டம் போகவில்லை. விரலால் தடவினால் பள்ளம் தெரிந்தது. கறை என்றால் தேய்க்கலாம். அரித்துவிட்ட இடத்தில் தேய்க்க என்ன இருக்கிறது? மகள் வந்து என்னைப் பார்த்தாள். முறுக்குப் பிழிய வந்தவள், நான் சிங்க் ஓரத்தில் கத்தியோடு நிற்பதைப் பார்த்து உப்புத்தாளை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

"போதும்மா. அப்பா இனிமே இப்படித்தான்மா. டாக்டர் சொன்னாங்க இல்ல? நீதான் கேக்க மாட்டுற."

"நீ வாய மூடு! ஒனக்கு என்னா தெரியும்? நீ ஞாயித்துக்கெழம வந்துட்டுப் போறவ!"

அவள் அழுதாள். நானும்தான். உள்ளே டிவியில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் கத்தி இருந்தது, நானும் கத்தினேன். அதற்குப் பதில் கத்தவேண்டியவர் நாற்காலியில் உட்கார்ந்து முறுக்கு மாவு வாசனையை மோந்துகொண்டிருந்தார்.

தீபாவளி முடிந்து ஒரு பிற்பகல். மழை விட்டு, ஈர வெளிச்சம் வரவேற்பறை வரைக்கும் வந்திருந்தது. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து தூரத்தில் போகிற கொமியூட்டர் ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கத்தியைக் கடைசியாக ஒருமுறை துடைத்து எடுத்துக்கொண்டு போனேன். முக்காலியில் வைக்கவில்லை. அவருடைய வலது கையைத் தூக்கி, உள்ளங்கையைப் பிரித்து, கத்திப் பிடியை அதில் வைத்தேன்.

"இந்தாங்க" என்றேன்.

விரல்கள் மூடிக்கொண்டன. அந்தக் கத்தியை அந்தக் கையில் நான் பார்த்து எத்தனை நாளாயிற்று! கை பார்ப்பதற்குப் பழையபடியே இருந்தது. எங்கள் கல்யாண வாழ்க்கையில் செய்யாத காரியத்தைச் செய்துவிட்டேன். இப்போது வரவேண்டும். கீழ வைடி என்று வரவேண்டும்.

"கையில குடுத்துட்டேன்" என்றேன். "பாத்தீங்கல்ல? கீழ வைக்கல. கையிலயே குடுத்துட்டேன்."

அவர் கத்தியைப் பார்த்தார். அலகின் நடுவில் இருந்த வட்டத்தைப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு ஞாபகம் வந்தது. எனக்குத் தெரியும், அவர் கண்ணில் தெரிந்தது. அந்தப் பழைய பேச்சு அவர் வாய் வரைக்கும் வந்தது.

"சண்ட வரும்னு சொல்வாங்க" என்றார்.

"ஆமா" என்றேன். எனக்குக் குரல் நடுங்கியது. "ஆமா, வரும். வரட்டும்."

அவர் இடது கையை நீட்டி என் கையைத் தட்டிக்கொடுத்தார். நான் பயந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார்.

"அதெல்லாம் ஒண்ணும் வராது" என்றார், அவ்வளவு பிரியமாக. "நமக்குள்ள என்னா சண்ட?"

ரயில் போய்விட்டது. அவர் தன் கையைப் பார்த்துவிட்டு, "இத எங்க வைக்கட்டும்?" என்று கேட்டார். "கீழ வைங்க" என்றேன். வைக்கப் பார்த்தார். விரல்கள் திறக்கவில்லை. நான் தரையில் உட்கார்ந்து, புக்கா, புக்கா என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு விரலாகப் பிரித்து, கத்தியை அவர் கையிலிருந்து என் கையில் வாங்கிக்கொண்டேன்.